தனியாக வளர்க்க முடியாத மரம்

பனைக் குடும்பத்து மரங்களைத் தேடித் தேடி வளர்க்கிறவர்கள் நாங்கள். தென்னை, பனை, பாக்கு, ஈச்சை என்று எல்லோரும் அறிந்தவை சிலதான். அந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 2,600 இனங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றையாவது வீட்டுக் கொல்லையில் வளர்த்துப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை ஒருவரைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பத்தில் பிறந்த என்னையும் அது பிடித்தது. கையில் இருப்பதைக் கொடுத்தால்தான் அது நமக்கும் நிலைக்கும் என்பதை எனக்குப் புரியவைத்தவை இந்த மரங்களும் இவற்றை வளர்ப்பவர்களும்தான்.

காரணம் பனைகளின் இயல்பிலேயே இருக்கிறது. ஒற்றைத் தண்டுப் பனையில் போத்து வெட்டி நட முடியாது, ஒட்டுக் கட்ட முடியாது. உச்சியில் இருப்பது ஒரே குருத்து; அது அழுகினாலோ முறிந்தாலோ மரம் போயிற்று. புது மரத்துக்கு விதைதான் வழி. பல இனங்களில் அந்த விதையும் காய்ந்தால் செத்துவிடும். விதைநெல்லைப் போலப் பத்திரப்படுத்தி வைக்க முடியாது. போதாக்குறைக்கு, நம் பனையைப் போலவே ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறாக உள்ள இனங்கள் நிறைய. பூக்கும்வரை எது ஆண், எது பெண் என்று சொல்லவும் முடியாது. ஆகவே, எங்காவது ஒரு மரம் காய்த்தால் செய்தி ஊர் ஊராகப் போகும். ஈரம் காயாமல் விதையைப் பொதிந்து அனுப்பி வைப்பார்கள். 1956-இல் ஃபுளோரிடாவில் டென்ட் ஸ்மித் என்ற பனைப் பித்தர் தொடங்கிய சங்கம் பிறகு உலகெங்கும் உறுப்பினர்களைப் பெற்றது. அதை வளர்த்ததும் இந்தத் தேவைதான்.

எனக்கு முதன்முதலில் விதை கொடுத்தவர் கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர். மடகாஸ்கரைச் சேர்ந்த பிஸ்மார்க் பனையின் விதைகள் அவை. நீலம் கலந்த வெள்ளி நிறத்தில் விசிறி விசிறியாக ஓலை விடும் மரம் அது. கொட்டைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரைத் தினமும் மாற்றி, பிறகு ஈரத் தென்னைநார்க் கழிவோடு பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, மாடியில் வெதுவெதுப்பான இடத்தில் வைக்கச் சொன்னார். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, ஒரு கொட்டையிலிருந்து தடித்த வெள்ளை முளை கீழ்நோக்கி இறங்கியிருந்தது. பனங்கொட்டையைப் போல இதுவும் முதலில் பூமிக்குள் இறங்கிவிட்டுத்தான் மேலே இலை விடும். அதனால் ஆழமான பையில் மாற்றி வைத்தேன். சந்தோஷத்தைச் சொல்லப் போனில் கூப்பிட்டேன். பெரியவர் சொன்னார்: “தம்பி, நாலு முளைச்சா ரெண்டை யாருக்காவது குடுத்துடுங்க. குடுத்ததுதான் மிஞ்சும்.”

அவர் சொன்னபடியே தேனியிலிருந்த ஓர் ஆசிரியை அக்காவுக்குக் கன்றுகள் கொடுத்தேன். அவரும் எங்களைப் போலப் பனைப் பைத்தியம். அப்போது அதை நல்ல பழக்கம் என்று மட்டுமே நினைத்தேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது. பிள்ளைகளைப் போல வளர்த்த தென்னைகள் எங்கள் பகுதியில் தோப்புத் தோப்பாகச் சாய்ந்ததை யாரும் மறக்கவில்லை. விழுந்த தென்னை ஒன்று என் பிஸ்மார்க் பனையின் தலைமேல் சாய்ந்திருந்தது. சில நாளில் நடு ஓலையைப் பிடித்து இழுத்தேன். அழுகிய அடியோடு கையில் வந்துவிட்டது. குருத்து போய்விட்டது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

புயல் ஓய்ந்து பாதை சீரானதும் அக்கா வந்தார். அரிசி, தார்ப்பாயோடு வண்டியில் ஒரு கன்றும் இருந்தது. “உங்க விதையில வந்ததுதான், எடுத்துக்குங்க” என்றார். பெரியவர் சொன்னதன் முழுப் பொருளும் அன்றுதான் எனக்கு விளங்கியது.

பெரிய தோட்டங்களும் இதே வழியில்தான் பிழைக்கின்றன. கொல்கத்தாவை அடுத்த ஹவுரா தாவரவியல் தோட்டத்தில், செஷல்ஸ் தீவிலிருந்து வந்த இரட்டைத் தேங்காய் மரம் ஒன்று 1894-இல் நடப்பட்டது. பெண் மரம், அருகில் துணை மரம் கிடையாது. தாய்லாந்திலிருந்து மகரந்தம் கொண்டுவந்து தூவிய பிறகே அது காய் பிடித்தது. மொரிஷியஸின் கியூர்பிப் தோட்டத்தில் நிற்கும் ஹையோபோர்பே அமாரிகாலிஸ் என்ற பனைக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அந்த இனத்தில் உலகிலேயே எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு காலத்தில் மலர்வதால் தானாக இனம் பெருக வழியில்லை. எந்த நாட்டில் கேட்டாலும் அதற்குக் கொடுக்க இன்னொரு மரம் இல்லை.

யாரிடமும் இல்லாத மரம் தன்னிடம் மட்டும் இருக்க வேண்டும் என்பது சேகரிப்பவர்களுக்கு வருகிற ஆசைதான். பனை வளர்ப்பவருக்கு அது ஆகாது. தன்னிடம் மட்டும் இருக்கும் மரம் ஒரு புயலுக்கோ ஒரு சிவப்புக் கூன்வண்டுக்கோ தாங்காது. இப்போது என் தோட்டத்தில் எது முளைத்தாலும், அது யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். எனக்கென்று ஒன்றை எடுத்து வைப்பது அதற்குப் பிறகுதான்.