பஸ் வராத ஊர்

ரெஜைனாவுக்கு வேலைக்கு வந்து மூணு வருஷமாச்சு. போன அக்டோபர்ல ஆபீஸ் நண்பன் ஒருத்தன், "எங்க பாட்டி ஊர்ல ஃபவுல் சப்பர், வர்றியா?"ன்னு கூப்பிட்டான். அறுவடை முடிஞ்சதும் சஸ்காட்செவன் சிற்றூர்கள்ல நடக்கிற ஊர் விருந்து அது. மெயின் அயிட்டம் வான்கோழி. நானோ சைவம். இருந்தாலும் கிளம்பிட்டேன் :-)

ஊர் பேரு கிராவெல்பர்க். மூஸ் ஜா தாண்டி தென்மேற்கே, மொத்தம் ரெண்டு மணி நேர டிரைவ். அறுத்த வயலும் வானமும் தவிர வழியில வேற எதுவும் இல்லை. திடீர்னு ரெண்டு கோபுரம் தெரிஞ்சுது. லூயி பியேர் கிராவெல்னு ஒரு பாதிரியார் 1906ல பிரெஞ்சு பேசறவங்களைக் குடியேத்தின ஊர் இது. கதீட்ரல் 1918-19ல கட்டினது. உள்ளே சுவரெல்லாம் ஓவியம். ஷார்ல் மையார்ங்கிற பாதிரியார் 1921லேர்ந்து 1931 வரைக்கும் வரைஞ்சிருக்கார். ஊர்ல இருக்கிறதே ஆயிரம் பேர்தான். தஞ்சாவூர்ப் பக்கம் ஆளில்லாத கிராமத்துல பெரிய கோபுரம் நிக்குமே, அந்த ஞாபகம்தான் வந்துது.

விருந்துல பரிமாறினது, பாத்திரம் கழுவினது எல்லாம் ஊர்க்காரங்களேதான். நான் மசிச்ச உருளைக்கிழங்கும் மூணு துண்டு பூசணிக்காய் பையும் சாப்பிட்டேன்.

அப்புறம் பாட்டி வீட்டுக்குப் போனோம். ஃபிரிட்ஜ் கதவுல ஒரு தாள். கட்டம் போட்டு மாசம், பக்கத்துல ஒரு பேர். பாட்டிக்கு மாசாமாசம் ரெஜைனா வந்து கண்ணுல ஊசி போட்டுக்கணும். யார் கூட்டிட்டுப் போறாங்கங்கிற லிஸ்ட்டாம். செப்டம்பர் கட்டம் காலியா இருந்துது.

"அறுவடை நேரத்துல யாரைப்பா கூப்பிடறது?"ன்னாங்க. அந்த மாசம் போகவே இல்லையாம்.

முன்னாடி எஸ்டிசின்னு மாகாண அரசோட பஸ் கம்பெனி ஒண்ணு இருந்துது. 1946ல ஆரம்பிச்சது. 250க்கும் மேற்பட்ட ஊர்களுக்கு ஓடியிருக்கு. ஆளுங்க மட்டுமில்லை, டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ், லைப்ரரி புத்தகம் எல்லாம் அதுலதான் போகும். நஷ்டம்னு சொல்லி 2017 மே 31ஆம் தேதியோட நிறுத்திட்டாங்க. அதே வருஷ பட்ஜெட்ல லைப்ரரி மானியத்தையும் வெட்டினாங்க. ஜனங்க புத்தகமும் கையுமா எம்எல்ஏ ஆபீஸ் வாசல்ல நின்னு படிச்சுப் போராட, அடுத்த மாசமே அதைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. பஸ் மட்டும் திரும்ப வரலை.

நஷ்டம் நிஜம்தான், பொய்யில்லை. வண்டி பாதி காலியா ஓடியிருக்கும். ஆனா ஏறினவங்கள்ல நிறைய பேர் வேற வழி இல்லாதவங்க. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டான்னு தெரியலை. போன வருஷம் லாக் பார்த்து, தினம் பத்து பேர்தான் உபயோகிக்கிறாங்கன்னு ஒரு ஃபீச்சரைத் தூக்கினவன் நான். அந்தப் பத்து பேர் யாருன்னு பார்க்கவேயில்லை.

யோசிக்காம, "டிசம்பருக்கு நான் வரேன் பாட்டி"ன்னு சொல்லிட்டேன். நண்பனே என்னை ஒரு மாதிரி பார்த்தான். பாட்டி பென்சில் எடுத்து உடனே எழுதிட்டாங்க. என் பேர்ல ஸ்பெல்லிங் தப்பு, நான் திருத்தலை.

ஊசி போட்ட அன்னிக்கே திரும்பக் கொண்டு போய் விடணும். அங்கயும் இங்கயும் ரெண்டு நடை, எட்டு மணி நேரம். ஹைவேல பனியில இதுவரைக்கும் ஓட்டினதே இல்லை. பழைய கொரோலாவுக்கு விண்டர் டயர் எது வாங்கலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.