எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்

ஹட்பேயிலிருந்து போர்ட் பிளேருக்கு (ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய பின்னும் எங்கள் வீட்டு வழக்கில் அது போர்ட் பிளேர்தான்) ஹெலிகாப்டரில் வருவதென்றால் பெட்டியோடு சேர்த்து ஆளையும் எடைபோடுவார்கள். சிறிய ஊர்தி, பாரம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடக் கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் அந்தத் தராசின்மேல் என் அம்மா ஏறி நின்றார். 91 என்று காட்டியது. மேசையில் இருந்த இளைஞர் அதை உரக்கப் படித்தார், தாளில் எழுதினார், உட்கார வேண்டிய இடத்தை இந்தியில் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, அம்மாவுக்கு இல்லை. ஊர்தி எழும்பும் இரைச்சலில் என் காதருகே வந்து சொன்னார்: "என் வெயிட்டைக் கேட்டுட்டு அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத முதல் ஆளு இவன்தான்டி."

அன்று நாங்கள் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தோம். எட்டு மாதங்களுக்கு முன்பே போயிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு அப்போது 54 வயது. மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறகு திடீரென்று உதிரம் கண்டிருக்கிறது, நின்றிருக்கிறது, மறுபடி கண்டிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பின்னர் கேட்டபோது, அவர் உதிரத்தைப் பற்றிப் பேசவில்லை, முழங்காலைப் பற்றிப் பேசினார். அதற்குச் சில மாதங்கள் முன்பு முழங்கால் வலிக்காக ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார். காலைத் தொட்டும் பாராமல் அவர் சொன்ன ஒரே வாசகம், "எடையைக் குறைச்சுட்டு வாங்க." நானும் நீங்களும் இதை அறிவுரை என்று கேட்போம். அம்மா அதை நிபந்தனை என்று கேட்டிருக்கிறார். குறைத்தால்தான் வரலாம். எனவே இரவுச் சோற்றை விட்டார், விடியுமுன் எழுந்து படகுத்துறை வரை நடந்தார், உதிரப்போக்கோடுதான் நடந்தார். நான்கு கிலோ குறைந்தது. "இன்னும் ஒரு அஞ்சு கிலோ இறங்கினதும் போகலாம்னு இருந்தேன்" என்றார்.

இதில் உள்ள கொடுமையை விளக்கச் சிறிது உடற்கூறு சொல்லியாக வேண்டும். மாதவிலக்கு நின்றபின் சூலகம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. ஆனால் கொழுப்புத் திசு தொடர்ந்து அதை உண்டாக்குகிறது. உடலில் கொழுப்பு மிகுந்திருந்தால் அந்த ஈஸ்ட்ரோஜனும் மிகுந்து, கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்யும். அந்தத் தடிப்பு நாளடைவில் புற்றாக மாறக்கூடும். மாதவிலக்கு நின்றபின் வரும் எந்த உதிரப்போக்கையும் உடனே ஆராய வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். அதாவது எந்த எடைக்காக அம்மா தம்மை மருத்துவமனை வாசலுக்கு வெளியே நிறுத்திக்கொண்டாரோ, அந்த எடைக்காகவே அவரை முதலில் உள்ளே அழைத்திருக்க வேண்டும். திசுப் பரிசோதனையில் புற்றுக்கு முந்தைய நிலை என்று தெரிந்தது. கடல் தாண்டிச் சென்னையில் கருப்பையை அகற்றினார்கள். இப்போது நலமாக இருக்கிறார். தப்பியது தற்செயல், அதை என் கெட்டிக்காரத்தனம் என்று எழுத மாட்டேன்.

ஏனெனில் அந்த எட்டு மாதங்களும் நான் போர்ட் பிளேரில் தோளில் ஒரு தராசைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். என் ஆய்வு, நடுவயதுப் பெண்களின் உணவுப் பழக்கம் பற்றியது. உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு என்று மூன்று கட்டங்கள். ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) இந்தத் தீவுகளில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கூடுதல் எடையோ உடற்பருமனோ உடையவர்கள். நாடு முழுவதற்கும் அது 24, தமிழ்நாட்டில் 40. இந்த எண்களை என் முதல் இயலில் எழுதியிருக்கிறேன். 54 வயதான அம்மா அந்தக் கணக்கில் வரவே மாட்டார் என்பது அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் உறைத்தது.

அளவுகோலுக்கும் ஒரு வரலாறு உண்டு. உடல்நிறை குறியீட்டெண் என்ற பெயரை ஆன்செல் கீஸும் உடன் ஆய்வாளர்களும் 1972இல் நிலைபெறச் செய்தபோது, அவர்கள் அளந்தது ஆண்களை மட்டுமே. இதே தீவுகளில் 1890களில் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி பழங்குடி ஆண்களையும் பெண்களையும் நிறுத்திவைத்து அளந்து ஒளிப்படம் எடுத்தார். அவருடைய அதிகாரத்தையும் என் தராசையும் ஒன்றாக வைப்பது மிகை. ஆயினும் ஒரு பெண்ணை "நேராக நில்லுங்கள்" என்று சொல்லும்போதெல்லாம் அந்தப் படங்கள் இப்போது நினைவுக்கு வருகின்றன.

என் படிவத்தில் கட்டமே இல்லாத செய்திகள்தான் வீடுகளில் மிகுதியாகக் கிடைத்தன. கடல் வற்றிய வேளையில் படகு துறைக்கு வெகு கீழே கிடக்கும். இறங்கக் கைநீட்டுபவர், மெலிந்தவளுக்கு ஒரு கையும் பருத்தவளுக்கு இரண்டு கையும் நீட்டிவிட்டுச் சுற்றியிருப்போரைப் பார்த்துச் சிரிப்பார். கல்யாண வீட்டு நெகிழி நாற்காலியில் உட்காருமுன் கையால் ஒருமுறை அழுத்திப் பார்க்கும் வழக்கம், ஏறத்தாழ எல்லோருக்கும். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கையைச் சுற்றி வராமல் பிய்த்துக்கொண்டு வரும்; சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்பது வேறு. தமிழ் வீடுகளில் 'பூசினாற்போல' என்பது ஒரு காலத்தில் பாராட்டு. இங்கே தெருவின் பொதுமொழி இந்தி; அதில் கிடைப்பது 'மோட்டி' என்ற ஒரே சொல். கடைக்காரர் அன்பாகவும் அழைப்பார், ஆட்டோக்காரர் அலுப்பாகவும் அழைப்பார். இரண்டுக்கும் ஒரே மாதிரி சிரித்துவைக்கிறேன் என்றார் ஒரு பெண்மணி.

பதினொரு வீடுகளில் என்னை எடைபார்க்க விடவில்லை. "அடுத்த மாசம் வாம்மா, கொஞ்சம் இளைச்சு வைக்கிறேன்" என்று அவர்களுள் பலர் சொன்னார்கள். கேட்டுச் சிரித்திருக்கிறேன்; விடுதித் தோழியரிடம் சொல்லியும் சிரித்திருக்கிறேன். படிவத்தில் 'மறுத்தார்' என்று குறித்துக்கொண்டேன். என் தாயின் வாய்ச்சொல் அதுதான் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சென்ற மாதம் அந்தப் பதினொரு வீடுகளுக்கும் மறுபடி போனேன், தராசு இல்லாமல். மூன்று பேர் வீடு மாறிவிட்டார்கள். ஜங்லிகாட்டில் ஓர் அக்கா வாசலிலேயே என் தோளைப் பார்த்தார். "மிஷின் எங்கே?" என்றார். கொண்டுவரவில்லை என்றேன்; உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, டாக்டரிடம் காட்டாமல் தள்ளிப்போட்டது ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்க வந்தேன் என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. உள்ளே போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினார். கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து, "உக்காரு, சொல்றேன்" என்றார்.