ஓரணா யார் கையில் இருந்தது?

மாநகராட்சித் தேர்தலில் நிற்க வேண்டும், ஏழைகள் பக்கம் நின்று ஒரு நகரத்தை நடத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வரும் பிள்ளைகளை எனக்கு மிகவும் பிடிக்கும். முடியுமா தாத்தா என்று கேட்பார்கள். மாநகராட்சியின் வரவு செலவுக் கணக்கை முதலில் படியுங்கள் என்பேன். படித்துவிட்டு வந்தால், ஆயிரம்விளக்குப் பள்ளியின் கதையைச் சொல்வேன்.

1920-ல் சென்னை மாநகராட்சிக்குத் தலைவர் பிட்டி தியாகராயர். வறுமையால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள் என்று, ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அப்புறம் இன்னும் நான்கு பள்ளிகளிலும் கொடுத்தார்கள். ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23-ல் 811 பிள்ளைகள் படித்தார்கள். 1924-25-ல் 1,671 பேர். பசி தீர்ந்தால் பிள்ளை பள்ளிக்கு வரும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

1925 ஏப்ரலில் அது நின்றுபோனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று மேலே மறுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் மாகாண அமைச்சரவை அப்போது தியாகராயரின் நீதிக்கட்சியிடம்தான் இருந்தது. எண்ணம் இருந்தது, மன்றத்தின் தீர்மானம் இருந்தது, பலனும் கண்ணெதிரே தெரிந்தது. அந்த ஓரணாவை எடுக்கும் உரிமைதான் மாநகராட்சியிடம் இல்லை.

அதே ஆண்டுகளில் வியன்னாவில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சமூக ஜனநாயகக் கட்சி நகரத்தை ஆண்டது. 1922-ல் வியன்னா தனி மாநிலமாயிற்று. தன் வரியைத் தானே போடும் அதிகாரம் அதனால் வந்தது. நிதிப் பொறுப்பிலிருந்த ஹியூகோ பிரைட்னர் மறு ஆண்டே வீட்டு வரி கொண்டுவந்தார். சிறிய வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்குக் கனமான வரி. சொகுசுகளுக்கும் தனி வரி உண்டு. பணக்காரர்கள் அவரை வெறுத்தார்கள். ஆனால் 1934-க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற ஒரே கட்டடம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். தொழிலாளி வீட்டுக்குள் தண்ணீரும் கழிப்பறையும் வந்தன. வளாகத்திலேயே துவைக்கும் கூடம், மழலையர் பள்ளி, நூலகம்.

1934 பிப்ரவரியில் ஆஸ்திரிய அரசு அந்தக் கட்டடத்தின் மீது பீரங்கியால் சுட்டது. மேயர் கார்ல் சைட்ஸைக் கைதுசெய்தது. நகரம் எவ்வளவு திறமையாக ஆண்டாலும் மேலிருப்பவன் நினைத்தால் கலைத்துவிடலாம். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் வீடுகளை யாராலும் கலைக்க முடியவில்லை. இன்றும் வியன்னா நகரத்துக்குச் சொந்தமாகச் சுமார் 2,20,000 வாடகை வீடுகள் இருக்கின்றன.

நம் ஊருக்கு வருவோம். 1973-ல் கலைத்த சென்னை மாமன்றத்துக்கு 1996-ல்தான் மறுபடி தேர்தல் நடந்தது. இடையில், 1978-ல், குடிநீர் தனி வாரியத்துக்குப் போய்விட்டது. ஏழைகளின் குடியிருப்பும் பேருந்தும் மாநில அரசின் அமைப்புகளிடம். அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 18 பணிகளைப் பட்டியலிட்டு, அவற்றை நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்றது. ஒப்படைப்பது மாநிலங்களின் விருப்பம் என்றும் விட்டுவிட்டது. தில்லியிடம் மாநில உரிமை கேட்கும் கட்சிகள் தங்களுக்குக் கீழே இருக்கும் மாநகராட்சிக்கு அதே உரிமையைக் கொடுக்கத் தயங்குவது எனக்கு நெடுங்கால வருத்தம்.

கையில் மிஞ்சியிருக்கும் பெரிய வருமானம் சொத்து வரி. அதைத் தொட எல்லோருக்கும் பயம். சென்னையில் 1998-க்குப் பிறகு 2018-ல் உயர்த்தி, அடுத்த ஆண்டே நிறுத்திவைத்து, 2022-ல் மறுபடி உயர்த்தினார்கள். பழைய மாநகராட்சி எல்லைக்குள் 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு 50 விழுக்காடு, 1,800-க்கு மேற்பட்டதற்கு 150 விழுக்காடு உயர்வு. இந்த ஏற்றத்தாழ்வு சரி என்று வீட்டுக்காரர்கள் முகத்துக்கு நேரே வாதாட எத்தனை கவுன்சிலர்கள் முன்வந்தார்கள்? இலவசங்களை அறிவிக்க எவராலும் முடியும். இந்த வாதத்தை வீடு வீடாகப் போய்ச் செய்பவரையே நான் முற்போக்காளர் என்பேன்.

ஆகவே கண்ணுகளா, கொடி பிடிக்கும் முன்னால் உங்கள் வார்டின் ஏரியா சபைக்குப் போய் உட்காருங்கள். இந்த வார்டில் சொத்து வரி எவ்வளவு வசூலானது, பாக்கி வைத்திருக்கும் பெரிய கட்டடங்கள் எவை, மழைநீர் வடிகாலுக்கும் பள்ளிக்கும் எவ்வளவு வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள்.