பாலர் சபையும் பாலர் அரங்கமும்

சிறுவர் நடித்தால் அது சிறுவர் நாடகம் என்றே நம்மவர் பலர் நெடுங்காலம் எண்ணி வந்தனர். இவ்வெண்ணம் தோன்றிய வரலாற்றையும், அதனால் விளைந்த நலந்தீங்குகளையும் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதிர்ந்த நடிகரோடு பல்லாண்டு பழகியவர். எழுதிய பாடத்தை விடுத்து, மேடையில் மனம்போனவாறு பேசும் வழக்கம் அந்நடிகரிடம் மிகுந்திருந்தது. ஒழுங்கு வேண்டின் இளமையிலேயே பயிற்றல் வேண்டும் என்பது சுவாமிகளின் துணிபு. 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்ற, அவர் அதன் ஆசிரியராய் அமர்ந்தார். தி. க. சண்முகம் தம் தமையன்மார் இருவருடன் அவ்வாண்டே அதிற் சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஆறு. அச்சிறுவருக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஓர் இரவில் இயற்றினார் என்பர். சுவாமிகள் மறைந்தபின், 1925-இல் அச்சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். சிறுவர் வளர்ந்து ஆடவராயினர். சபையும் பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் பெயரைப் பூண்டது.

இத்தகைய சபைகளால் தமிழகம் பெற்ற பேறு பெரிது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் ஆகியோர் பாலர் சபைகளிற் பயின்றவரே. நவாப் இராஜமாணிக்கம் நடத்திய சபை இயேசுநாதர் சரிதத்தையும் மேடையேற்றிற்று.

நிற்க, அச்சிறுவர் கொடுத்த விலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பள்ளி செல்ல வேண்டிய பருவத்தில் அவர்கள் ஊர்ஊராய்ச் சபையோடு திரிந்தனர். உறங்க வேண்டிய நேரத்தில் அரிதாரம் பூசி நின்றனர். மகரக்கட்டு உடைந்து குரல் மாறுங்கால், நேற்று வரை நாயகனாயிருந்த பிள்ளையின் நிலை என்னாகும்? பார்ப்பவர் பெரியோர், கதையும் பெரியோர்க்குரியது, உழைப்பு மட்டுமே சிறுவருடையது.

எம் திருவண்ணாமலையைச் சூழ்ந்த ஊர்களிலோ நிலைமை வேறு. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நிகழுங்கால், முன்வரிசையில் மண்ணில் அமர்ந்திருப்போர் சிறுவரே. கட்டியக்காரன் வாய் திறந்தவுடன் முதலில் எழுவது அவர்தம் நகைப்பொலியே. சூதும் துகிலுரிதலும் வருமுன் பலர் தாயர் மடியில் உறங்கிவிடுதலை யாம் பன்முறை கண்டுள்ளோம். காணும் ஆர்வம் சிறுவரிடம் உளது. அவர்க்கென்று ஆக்கப்பட்ட ஆட்டமே இல்லை.

இக்குறையை உலகம் பின்னரே உணர்ந்தது. 1965-இல் பாரிசு நகரில் சிறுவர், இளையோர் நாடகத்திற்கென அனைத்துநாட்டுச் சங்கம் நிறுவப்பெற்றது. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, விளையாட்டும் கலையும் குழந்தையின் உரிமைகள் என்றது. அவ்வாண்டே தில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளி, தேர்ந்த நடிகர் சிறுவர்க்காக நடிக்கும் குழுவொன்றை அமைத்தது. புதுச்சேரியில் வேலு சரவணன், ‘கடல் பூதம்’ முதலிய நாடகங்களால் சிறுவரைத் தேடிச் சென்று மகிழ்வித்தார். முன்பு பெரியோர் இருந்து காணச் சிறுவர் ஆடினர். இங்கோ சிறுவர் இருந்து காணப் பெரியோர் ஆடுகின்றனர். ஆசிரியர் துணையுடன் சிறுவர் தாமே கதை கட்டி ஆடுவது இதற்கும் மேற்பட்ட படியாகும்.

கல்லூரி மாணவ நண்பர்களே! இதற்குப் பொருட்செலவு மிகுதியாக வேண்டுவதில்லை. விடுமுறையில் நும் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுமின். ஆலமர நிழலும் ஒரு மேளமும் போதும். அரை மணிக்கு மேற்படாத கதையைப் பகற்பொழுதில் ஆடிக் காட்டுமின். பின்னர்ச் சிறுவரை ஆடவிட்டு நீவிர் மண்ணில் அமர்ந்து காண்மின். அவர்கள் பாடத்தை மீறிப் பேசினால் தடுக்கற்க. சுவாமிகள் முதிர்ந்தோரிடம் கடிந்த அக்குணமே, குழந்தையிடத்துக் கற்பனையின் முதல் முளையாகும்.