ஸ்டில் தண்ணீரும் ஒரு பழைய கேள்வியும்



லண்டனில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை எங்களை ஓட்டலுக்குக் கூட்டிப்போனாள். உட்கார்ந்ததும் ஒரு பையன் வந்து, "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" என்று கேட்டான். 34 வருடம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவன் நான். 'ஸ்டில்' காதில் விழுந்ததும் 'இன்னும்' என்று எடுத்துக்கொண்டு, மீதி வாக்கியம் வரும் என்று காத்திருந்தேன்! பேத்திதான், "தாத்தா, கேஸ் இல்லாத தண்ணியா, கேஸ் தண்ணியா?" என்று காப்பாற்றினாள்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் எனக்கு ஒன்பதாம் வகுப்பு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

அன்று கரும்பலகையில் 'ஸ்டில்' என்று எழுதி, 'இன்னும்', 'அசையாத' என்று இரண்டு அர்த்தம் சொன்னேன். தியேட்டர் வாசலில் ஒட்டும் ஸ்டில்லை உதாரணம் காட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா கோலி சோடா போடுகிறவர். "சார், அப்போ கேஸ் போன சோடாவும் ஸ்டில்லா?" வகுப்பே சிரித்தது. கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்து அவனை வெளியே நிற்க வைத்தேன். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் கேள்வியே கேட்கவில்லை.

தம்பி, பதிலை இப்போது சொல்கிறேன்.

வாயுவை அழுத்தி ஏற்றிய தண்ணீரைத் திறந்தால் குமிழி குமிழியாகப் பொங்கும். அது ஸ்பார்க்ளிங். வாயு ஏற்றாமல் சும்மா இருப்பது ஸ்டில். ஒயினுக்கும் இதே கணக்குதான்: ஷாம்பெயின் ஸ்பார்க்ளிங், நுரைக்காத ஒயின் ஸ்டில். ஆனால் கேஸ் போன சோடாவை இங்கிலீஷில் 'ஃப்ளாட்' என்பார்கள். ஃப்ளாட் என்றால் இருந்ததை இழந்தது. ஸ்டில்லுக்கு இழக்க எதுவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஜெர்மன்காரர்களும் கேஸ் இல்லாததை அமைதியான தண்ணீர் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களோ தட்டைத் தண்ணீர் என்கிறார்கள். ஆக, இரண்டு மொழிகளே வேறு வேறாகப் பார்த்த விஷயத்தைத்தான் நீ 14 வயதில் கேட்டிருக்கிறாய்.

இன்னொன்றும் தோன்றியது. ஜோசப் பிரீஸ்ட்லி தண்ணீரில் வாயு ஏற்றும் முறையை 1772இல் அச்சிட்டு வெளியிட்டார். சோடா வந்த பிறகுதானே சாதாரணத் தண்ணீருக்கு ஓர் அடைமொழி தேவைப்படும்? பிராய்லர் வந்த பிறகுதான் நம் கோழி 'நாட்டுக்கோழி' ஆனது. செல்போன் வந்த பிறகுதான் வீட்டு போன் 'லேண்ட்லைன்' ஆனது. அதுவும் இப்படித்தான்.

வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: ஓட்டலில் 'ஸ்டில்' என்றால் பெரும்பாலும் பாட்டில் தண்ணீர் வரும், பில்லிலும் ஏறும். இங்கிலாந்தில் 'டேப் வாட்டர்' என்று கேளுங்கள். மது விற்க உரிமம் உள்ள ஓட்டல்கள் அதைக் காசில்லாமல் தரவேண்டும் என்பது சட்டம்.

அந்த மாணவன் இதைப் படித்தால் ஒரு வரி எழுதட்டும். பெயர் போட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். அன்று நீ கேட்டது கிண்டல் இல்லை, நல்ல கேள்வி. பதில் தெரியாதது என் தப்பில்லை. உன்னை வெளியே அனுப்பியது என் தப்பு. மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் பழைய இங்கிலீஷ் வாத்தியார்