உப்புத்தண்ணியும் ஸ்டீல் கிளிப்பும்

கடல்மீன் தொட்டிக்குக் கீழே ஒரு சின்னத் தொட்டி இருக்கும், சம்ப்னு சொல்வோம். அதுல மூழ்கிக் கிடக்கிற மோட்டாருக்கு ட்யூப் மாட்டணும்னு கடையில கேட்டா, அண்ணாச்சி யோசிக்காம நீட்டுறது திருகு வச்ச ஸ்டீல் கிளிப். கார் ரேடியேட்டருக்கு ஓகே. லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைஞ்ச தண்ணிக்கு? பட்டை ஸ்டெயின்லெஸ்ஸா இருந்தாலும் திருகு பல சமயம் முலாம் பூசின சாதா இரும்புதான். நண்பன் வீட்டு சம்ப்ல நான் தொட்ட கிளிப், கையோட ரெண்டு துண்டா வந்துச்சு. பித்தளை இன்னும் மோசம் மக்களே, அதுல இருக்கிற செம்பு கரைஞ்சா இறால், பவளம் எல்லாம் காலி.

நம்ம இன்ஜினியர் மூளை ஒரு சொட்டுகூட ஒழுகக்கூடாதுன்னு அடம் பிடிக்கும். தண்ணிக்குள்ளேயே இருக்கிற மூட்டு லேசா ஒழுகினா எங்கே போகும்? அதே சம்ப்புக்குத்தான் :) வேண்டியது ட்யூப் கழண்டு வராத பிடி மட்டும். கழண்டா மேல்தொட்டிக்குத் தண்ணி ஏறாது, ராத்திரியில மீனுக்கு மூச்சு முட்டும்.

என் ஓட்டு நைலான் டைக்கு. ரெண்டு போடுங்க. டையோட தலைக்கு அடியில மட்டும் பிடி கொஞ்சம் லூசா இருக்கும், ஸோ ரெண்டு தலையும் எதிரெதிர்ப் பக்கமா வரட்டும். அதுக்கு முன்னாடி ட்யூப் முனையை வெந்நீர்ல ஒரு நிமிஷம் முக்கினா இளகி முழுசா ஏறும். எண்ணெய் கிண்ணெய் தடவ வேண்டாம்.

கை விடறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிடுங்க, சுவிட்சை அணைச்சா மட்டும் பத்தாது. உப்புத்தண்ணி நல்லாவே கரண்ட் கடத்தும். வீட்டுல ஆர்சிசிபி இல்லேன்னா முதல்ல அதை மாட்டுங்க, மீன் அப்புறம் வாங்கிக்கலாம்.