பன்னிரண்டாம் படகில் பரிமாறியவர்

அரக்கோணத்தில் விமானச் சத்தம் கேட்டு யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. 1992-இல் ஐ.என்.எஸ். ராஜாளி வந்ததிலிருந்து பழகிப்போன சத்தம். கடல் எங்கோ எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் இங்கிருந்துதான் ஏறி இறங்குகின்றன. எனக்கு மட்டும் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் 1940-இல் அட்லாண்டிக்கின் மேல் பறந்து, ஒரு படகைக் கண்ட சண்டர்லேண்ட் விமானம் நினைவுக்கு வரும்.

காசியின் பெயரைத் தாங்கிய கப்பல் 'சிட்டி ஆஃப் பெனாரஸ்'. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சிலிருந்து காப்பாற்ற 90 பிள்ளைகளைக் கனடாவுக்கு ஏற்றிக்கொண்டு லிவர்பூலிலிருந்து புறப்பட்டது. செப்டம்பர் 17 இரவு ஜெர்மானிய நீர்மூழ்கி யு-48 விட்ட டார்பிடோ தாக்கியது. 77 பிள்ளைகள் இறந்துபோனார்கள். மொத்தத்தில் 250 பேருக்கு மேல் பலி. ஊழியர்களில் பெரும்பாலோர் லஸ்கர் எனப்பட்ட இந்தியர்கள்; மெல்லிய பருத்தி உடுப்போடு அந்தக் குளிரில் சிக்கியவர்கள்.

கப்பலின் பன்னிரண்டாம் எண் உயிர்காப்புப் படகில் 46 பேர் இருந்தார்கள். ஆறு சிறுவர்கள், அவர்களுக்குக் கதை சொல்லி, கால் தேய்த்துவிட்ட துணைப்பெண் மேரி கார்னிஷ், 32 இந்தியர்கள், இன்னும் சிலர். மீட்புக் கப்பலின் கண்ணில் படாததால், அந்தப் படகு போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்கள். எட்டு நாள் மிதந்தது.

உணவும் தண்ணீரும் கப்பலில் பரிமாறும் ஸ்டூவர்டான ஜார்ஜ் பர்விஸின் பொறுப்பு. ஒரு பிஸ்கட், மேலே ஒரு சார்டின் மீன், ஒரு மடக்குத் தண்ணீர். கல்யாணப் பந்தியில் கடைசி இலைவரை வருமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி பரிமாறுகிறவரைப் பார்த்திருக்கிறேன். அங்கே சமையற்கட்டு இருக்கிறது, மறுபடி உலை வைக்கலாம். இங்கே குவளை சற்றுச் சாய்ந்தால் ஒருவருடைய அன்றைய தண்ணீர் போயிற்று. வெள்ளித்தட்டு ஏந்திய காலத்தைவிட, கப்பல் மூழ்கிய பிறகுதான் அவர் உண்மையான ஸ்டூவர்டாக இருந்தார் என்பேன்.

செப்டம்பர் 25-ஆம் தேதி சண்டர்லேண்ட் படகைக் கண்டது, எச்.எம்.எஸ். ஆண்டனி வந்து ஏற்றிக்கொண்டது.

பர்விஸின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்த 32 பேர் பல நூல்களில் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். பிரிட்டிஷ் மாலுமியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு வாங்கி, அதே கடலில், அதே பிஸ்கட்டைத் தின்று மிதந்தவர்கள். போரில் இறந்த இந்திய வணிகக் கப்பல் ஊழியர் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்களைத் தாங்கிய ஏடு மும்பையில் இந்தியன் செய்லர்ஸ் ஹோமில் இருக்கிறது. இணையான இன்னொன்று சிட்டகாங்கில். நல்ல காரியம். ஆனால் அவை இறந்தவர்களின் ஏடுகள். உயிரோடு கரையேறி, மறுபடி கப்பலுக்கோ ஊருக்கோ திரும்பி, வயதாகிச் செத்தவனுக்கு அவற்றில் இடமில்லை. அவன் வீட்டுத் திண்ணையில் அந்த எட்டு நாளைப் பேரனிடம் சொல்லியிருப்பான். அந்தப் பேரன்களில் சிலராவது இன்று நம் நாட்டிலோ வங்கதேசத்திலோ இருப்பார்கள். போய்க் கேட்டு, தாத்தா பெயரோடு எழுதி வாங்க வேண்டும். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.